குழந்தையின் கடப்பிதழும் பிறப்புப் பதிவும்

பினாங்குத் தீவின் தென்கிழக்குப் பகுதியில் அமைந்தது பாயான் லெப்பாஸ். மலாய் மொழியில் 'பாயான்' என்பது கிளி வகையுள் ஒன்று. 'லெப்பாஸ்' என்பது விடுபட்டது எனப் பொருள்படும். இப்பெயருக்கு ஏற்றாற்போல, தீவினின்று வானில் பறந்து செல்வோர் இவ்வூரிலிருந்தே புறப்படுகின்றனர். இங்குள்ள விமான நிலையம் 1935ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. 1972இல் தொழிற்பேட்டை எழுந்த பின்னர், தமிழகத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பொறியாளர் பலர் குடும்பத்துடன் வந்து தங்கும் ஊராகவும் இது மாறிற்று. ஆதலின், குழந்தைக்குக் கடப்பிதழ் பெறுவது என்பது இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அடிக்கடி நேரும் ஒரு செயலாகும்.

செயல் எளியது போலத் தோன்றும். குழந்தையை அழைத்துக்கொண்டு குடிநுழைவுத்துறை அலுவலகத்திற்குச் செல்லவேண்டும், தாள்களைக் காட்டவேண்டும், கட்டணம் செலுத்தவேண்டும். தாள்கள் செவ்வையாக இருப்பின் கடப்பிதழ் அன்றே கைக்கு வருவதும் உண்டு. ஆயினும், அதே அலுவலகத்திலிருந்து வெறுங்கையுடன் திரும்பும் பெற்றோரும் உளர். குழந்தைக்காகப் பேசும் வேறொரு தாளில் எழுதப்பட்டதோ எழுதாமல் விடப்பட்டதோ அதற்குக் காரணமாக இருக்கும். அத்தாளே பிறப்புப் பத்திரம். கடப்பிதழை இலை என்றால் பிறப்புப் பதிவை வேர் எனலாம். வேரில் உள்ள குறையை இலையில் திருத்த இயலாது. இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழகத்தாரும் இலங்கைத் தமிழரும் 'கடவுச்சீட்டு' என வழங்குவதை, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ் ஏடுகள் 'கடப்பிதழ்' என வழங்குகின்றன. இரண்டிற்கும் அடி 'கட' என்னும் வினையே. கடவு என்பது வழி. கடப்பு என்பது கடத்தல். சீட்டு என்பது தனித்தாள். இதழ் என்பது ஏடு. பண்டு ஒற்றைத் தாளாக இருந்து, பிற்காலத்தில் பல ஏடுகள் கொண்ட சிறு நூலாக இது மாறிய வரலாற்றை இவ்விரு சொற்களும் தம்மையறியாமலே பேணி நிற்கின்றன.

எல்லையைக் கடப்போரிடம் சான்று கேட்கும் வழக்கம் பழமையானது. நாட்டிற்குள் வருவோருக்கும் புறப்படுவோருக்கும் முத்திரை வழங்கத் தனி அதிகாரி ஒருவர் இருந்ததையும், அதற்கு ஒரு மாசகம் கட்டணம் பெறப்பட்டதையும் அர்த்தசாத்திரம் கூறும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றி இறக்கும் பண்டங்களுக்குச் சோழரின் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை கூறும். முன்னது ஆளுக்குரியது, பின்னது பொருளுக்குரியது. இரண்டிலும் கருத்து ஒன்றே: 'இதற்கு யாம் பொறுப்பு' என்று ஓர் அரசு சான்று கூறுதல். இன்றைய கடப்பிதழும் இதனையே செய்கின்றது.

அவ்வாறு சான்று கூறுமுன் அரசு மூன்று வினாக்களை எழுப்பும். இவர் யார்? யாருடைய மகவு? எந்நாட்டுக் குடி? வளர்ந்தவர் தம் அடையாள அட்டையைக் காட்டித் தாமே விடை கூறுவர். பேசவும் கையொப்பமிடவும் அறியாத குழந்தைக்கு வேறொருவர் விடை கூறவேண்டும். கடப்பிதழ் பெறும் முறையில் குழந்தைக்கெனத் தனி விதிகள் அமைந்தது இது பற்றியே.

தாயின் ஏட்டில் ஒரு வரி

முற்காலத்தில் குழந்தைக்குத் தனிக் கடப்பிதழ் வேண்டியதில்லை. முதல் உலகப் போர்க்காலத்தில்தான் ஐரோப்பிய நாடுகள் கடப்பிதழைக் கட்டாயமாக்கின. போர் முடிந்த பின், சர்வதேச சங்கத்தின் சார்பில் 1920ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஒரு மாநாடு கூடி, 32 பக்கங்கள் கொண்ட ஒரு பொது மாதிரியை வகுத்தது. மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அதில் இடம் விடப்பட்டிருந்தது. ஆடவன் ஒருவனின் ஏட்டில் குடும்பமே அடங்கிற்று. பின்னர்ப் பல்லாண்டுகள், தாயின் ஏட்டிலோ தந்தையின் ஏட்டிலோ ஒரு வரியாகவே குழந்தை எல்லையைக் கடந்தது.

பினாங்கிற்கு வந்த தமிழரின் நிலை இதனினும் எளிது. ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறிய தொழிலாளருக்குக் கடப்பிதழே தேவைப்படவில்லை. இருகரையும் பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டவை. பாயான் லெப்பாசுக்கு வடகிழக்கே, கரையை ஒட்டிய கடலில் ஜெரெஜாக் தீவு உள்ளது. அங்கிருந்த நோய்த்தடுப்பு நிலையத்தில் வந்தோர் நிறுத்திவைக்கப்பட்டு ஆராயப்பட்டனர். உடலில் நோய் உண்டா என்பதே அன்றைய வினா. எந்நாட்டுக் குடி என்பதன்று.

பயிற்சியற்ற தொழிலாளர் உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் 1953ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் இந்தியரின் வருகைக்கும் கதவு குறுகியது. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலில் தாயின் இடுப்பில் அமர்ந்து வந்த குழந்தைகளுள் முன்னே வந்தவர்க்கும் பின்னே வந்தவர்க்கும் இடையே இவ்வாறு ஒரு பெரும் வேற்றுமை உண்டாயிற்று. முன்னவர் வெறும் பயணியர். பின்னவர் தாள் காட்டவேண்டியவர். 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டம், மலேசியாவிற்குள் நுழைவோர் கடப்பிதழ் காட்டவேண்டும் என்பதை விதியாக்கிற்று.

குழந்தையைத் தாயின் ஏட்டிலிருந்து பிரித்தது பொறியே ஆகும். அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு, பொறி படிக்கத்தக்க கடப்பிதழ்களையே 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வழங்கவேண்டுமென நாடுகளுக்கு விதித்தது. பொறி படிக்கும் பகுதியில் ஒருவரின் பெயர்க்கே இடமுண்டு. அதில் தாயையும் மூன்று குழந்தைகளையும் எழுத இயலாது. ஆதலின் 'ஒருவருக்கு ஒரு கடப்பிதழ்' என்பது பொதுநெறியாயிற்று. இதில் ஒரு நன்மையும் உண்டு. முகப்படமின்றிப் பெயர் மட்டும் எழுதிய வரியைக் கொண்டு, வேறொரு குழந்தையை எல்லை கடத்துவது முன்பு இயல்வதாக இருந்தது. தனிக் கடப்பிதழ் அதற்குத் தடையாக நிற்கின்றது.

இன்றைய நடைமுறை

மலேசியாவில் கடப்பிதழ் வழங்குவது குடிநுழைவுத்துறை. பிறப்பைப் பதிவது தேசியப் பதிவுத்துறை. முன்னது பின்னதன் சொல்லை நம்பியே செயற்படுகின்றது. குழந்தைக்கு விண்ணப்பிப்போர் பொதுவாகக் காட்டவேண்டியவை மூன்று: குழந்தையின் மூலப் பிறப்புப் பத்திரம் அல்லது 'மைகிட்' அட்டை, உடன்வரும் தாய் அல்லது தந்தையின் அடையாள அட்டை, முன்பே கடப்பிதழ் இருப்பின் அப்பழைய ஏடு. மகவேற்றுக்கொண்ட பெற்றோரும் காப்பாளரும் தம் உரிமையைக் காட்டும் சான்றையும் உடன்கொண்டு செல்லவேண்டும். படத்தின் பின்புலம் வெண்மையாதலின் குழந்தைக்கு அடர்நிற ஆடை உடுத்தி அழைத்துச் செல்லல் நன்று.

2015ஆம் ஆண்டு வகுத்த கட்டணத்தின்படி, வளர்ந்தவர்க்கு 200 ரிங்கிட். 12 வயதும் அதற்குட்பட்டவருமாகிய குழந்தைகட்கு 100 ரிங்கிட். குழந்தையின் கடப்பிதழ் ஐந்தாண்டுகள் செல்லும். ஆனால் நாடுகள் பல, பயண நாளில் குறைந்தது ஆறு திங்களேனும் எஞ்சியிருக்கவேண்டும் என எதிர்பார்க்கின்றன. எனவே, பயன்படும் காலம் நாலரை ஆண்டுகளே எனக் கொள்வது அறிவுடைமை.

12 என்னும் இவ்வயது வரலாற்றுத் தொடர்புடையது. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டில் மலாயாவில் அடையாள அட்டை முதன்முதல் வழங்கப்பட்டபோது, 12 வயது நிரம்பியோரே அதற்குரியவர் எனக் கொள்ளப்பட்டது. இன்றைய 'மைகார்டு' அட்டையையும் 12 வயதிலேயே பிள்ளைகள் பெறுகின்றனர். அவ்வயது வரை குழந்தையின் சொல்லாக நிற்பது பிறப்புப் பத்திரம் ஒன்றே. 2003 முதல் வழங்கப்படும் 'மைகிட்' அட்டையும் அப்பத்திரத்தின் செய்தியை ஒரு சில்லில் அடக்கியதே அன்றித் தனியொரு சான்றன்று.

இனி அம்மூன்று வினாக்களையும் தனித்தனியே நோக்கலாம்.

முதல் வினா: பெயர்

தமிழ்ப் பெயரை உரோம எழுத்தில் எழுதுவதில் உள்ள இடர்ப்பாடு தமிழாசிரியர் நன்கறிந்தது. லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் ஓர் எழுத்தில் அடங்குதல் உண்டு. குறிலும் நெடிலும் ஒன்றாதல் உண்டு. பூங்குழலி என்னும் பெயரை நான்கைந்து வகையாக எழுதலாம், எழுதியும் வருகின்றனர். தோட்டங்களில் கிராணியாரும் மருத்துவமனைகளில் எழுத்தரும் தம் செவிக்குப் பட்டவாறு எழுதிய பெயர்கள் எத்தனையோ. ஒரே தந்தையின் மக்கள் மூவர், தந்தை பெயரை மூவகை எழுத்துக்கூட்டலுடன் தாங்கி நிற்பதும் காணக்கூடியதே.

வீட்டில் இப்பிழை எவரையும் வருத்துவதில்லை. கடப்பிதழில் அது வேறுருக் கொள்கின்றது. பொறி படிக்கும் பகுதி இரண்டு வரிகளால் ஆனது. ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். முதல் வரியில் ஆவணவகைக்கும் நாட்டுக்குறிக்கும் ஐந்து இடங்கள் போக, பெயருக்குக் கிடைப்பவை 39 இடங்களே. உரோம எழுத்து 26, எண்கள் 10, நிரப்புக்குறி ஒன்று ஆகியவையன்றி வேறெதுவும் அங்கு இடம்பெறாது. தமிழ்ப் பெயரோடு தந்தை பெயரும் சேர்ந்தால் 39ஐத் தாண்டுவது அரிதன்று. தாண்டினால் குறுக்கப்படும்.

மலேசியத் தமிழரின் பெயரில் மகன் என்பதற்கு 'ஏ/எல்' என்றும், மகள் என்பதற்கு 'ஏ/பி' என்றும் எழுதுவது வழக்கம். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களின் குறுக்கங்கள் இவை. இடையிலுள்ள சாய்கோட்டைப் பொறி ஏற்பதில்லை. எனவே, கடப்பிதழின் மேற்பகுதியில் ஒருவாறும், பொறிப் பகுதியில் வேறொருவாறும், விமானச் சீட்டில் இன்னொருவாறும் பெயர் அமைகின்றது. அயல்நாட்டு எழுத்தர் 'ஏ/எல்' என்பதைக் குழந்தையின் நடுப்பெயர் எனக் கொள்ளுதலும் கூடும். குடும்பப் பெயர் இல்லாத தமிழ்மரபை, குடும்பப் பெயரையே முதன்மையாகக் கொள்ளும் மேலைநாட்டுப் படிவங்கள் அறியா. ஒற்றைப் பெயரே உடையவருக்கு அமெரிக்க நுழைவு இசைவில் 'முதற்பெயர் தெரியாது' என்னும் பொருள்தரும் 'எஃப்என்யு' என்ற மூன்றெழுத்து அச்சிடப்படுவதும் இதன் விளைவே. பெற்றோர் ஆய்ந்து இட்ட பெயர் இருந்தும் அது தெரியாததாகிவிடுகின்றது!

இதற்குச் செய்யவேண்டுவது யாது? பெயரை மாற்றுதல் அன்று. பிறப்பைப் பதியும் நாளிலேயே, தந்தை தாயரின் அடையாள அட்டையில் அவர்தம் பெயர் எவ்வெழுத்துகளில் உள்ளதோ அவ்வெழுத்துகளிலேயே குழந்தையின் பத்திரத்திலும் எழுதப்பட்டுள்ளதா என்று படித்துப் பார்த்துக் கையொப்பமிடுதலே. அந்நாளில் ஐந்து நிமிடச் செயலாக இருப்பது, பின்னாளில் உறுதிமொழிப் பத்திரமும் துணைச் சான்றுகளும் அலைச்சலும் வேண்டுவதாகிவிடும்.

இரண்டாம் வினா: யாருடைய மகவு?

குழந்தைக்காகக் கையொப்பமிட உரியவர் யார் என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. 1961ஆம் ஆண்டின் இளஞ்சிறார் காப்பாண்மைச் சட்டத்தின்படி மலேசியாவில் தந்தையே இயற்கைக் காப்பாளர். பெற்று வளர்ப்பவள் தாயாயினும், கடப்பிதழ் விண்ணப்பம் முதலியவற்றில் அவள் கையொப்பம் செல்லாததாயிற்று. கணவன் பிரிந்து சென்றுவிட்ட தாய், குழந்தையுடன் எல்லை கடக்கவேண்டுமாயின் அவனைத் தேடிச் செல்லவேண்டிய நிலை இருந்தது. 1999ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டுத் தாய்க்கும் தந்தைக்கும் ஒத்த உரிமை வழங்கப்பட்டது. திருத்தம் முசுலிம் அல்லாதார்க்கே உரியதாக இருந்தமையின், ஏனைய தாய்மாரும் குழந்தையின் ஆவணங்களில் கையொப்பமிடலாம் என 2000ஆம் ஆண்டு அரசு ஆணையிட்டது. மகளிர் அமைப்புகள் பல்லாண்டு முயன்று பெற்ற உரிமை இது. இன்று தாய் ஒருத்தியே குழந்தையை அழைத்துச் சென்று கடப்பிதழ் பெறுகிறாள் எனின், அதன் பின்னே இவ்வரலாறு உண்டு.

மூன்றாம் வினா: எந்நாட்டுக் குடி?

மூன்று வினாக்களுள் இதுவே கடினமானது. மலேசிய மண்ணில் பிறந்ததனாலேயே குழந்தை மலேசியக் குடியாகிவிடும் என்று எண்ணுவோர் இன்றும் உளர். ஒரு காலத்தில் அது மெய்யாகவே இருந்தது. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடியக் கூட்டரசில் பிறந்தோர், சட்டத்தின் இயக்கத்தாலேயே குடிமக்களாயினர். அதன் பின்னர், பெற்றோருள் ஒருவரேனும் பிறப்பின்போது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என விதி மாறிற்று. தாத்தா காலத்து விதியைப் பேரன் காலத்திலும் நம்பியிருத்தல் பிழையாகும்.

இங்குத் தமிழ்க் குடும்பங்களைப் பெரிதும் தாக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், சட்டப்படியான திருமணத்திற்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் 'தந்தை' அல்லது 'பெற்றோர்' என வருமிடமெல்லாம் 'தாய்' என்றே கொள்ளவேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது. தந்தை மலேசியர், தாய் இந்தியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர், திருமணம் பதியப்படவில்லை. இந்நிலையில் பிறக்கும் குழந்தை தாயின் குடிநிலையைப் பின்பற்றும். மலேசியத் தந்தையின் வீட்டிலேயே வளர்ந்தாலும் அதற்கு மலேசியக் கடப்பிதழ் கிடைப்பதில்லை.

திருமணம் பதியப்படாமை எங்ஙனம் நேர்கின்றது? 1976ஆம் ஆண்டின் திருமண மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தம் 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்ச் சமய வழக்கப்படியோ மரபுப்படியோ நடந்த மணங்கள் செல்லுபடியானவை. அந்நாளுக்குப் பின், முசுலிம் அல்லாதாரின் மணம் பதிவாளர் முன்னிலையில் பதியப்பட்டாலன்றிச் சட்டத்தின் கண்ணுக்குத் தோன்றாது. கோயிலில் அக்கினி வலம்வந்து, ஊரார் வாழ்த்த, மங்கலநாண் பூண்ட மணமாயினும், துணைப்பதிவாளராக அமர்த்தப்பெற்றவர் அங்கு இருந்து பதியாவிடின் அது சடங்கு மட்டுமே. தாலி கட்டியாயிற்று, தாள் பின்னர் ஆகட்டும் என்னும் எண்ணத்தின் விலையைக் கொடுப்பது, அப்போது பிறந்திராத குழந்தை.

பத்திரத்தில் தந்தை பெயர் இருக்கின்றதே என்று ஆறுதலடைவோரும் உளர். 1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மணமாகாத பெற்றோர் இருவரும் சேர்ந்து வேண்டினால் தந்தையின் பெயரைப் பதியலாம். ஆனால் பெயர் பதிதல் வேறு; குடியுரிமை சேர்தல் வேறு. பத்திரத்தில் குடியுரிமைத் தகுதியைக் குறிக்கும் வரியையே முதலில் படிக்கவேண்டும். குழந்தை பிறந்த பின் பெற்றோர் மணம்புரிந்துகொண்டால் குறை நீங்கிவிடும் என்பதும் உறுதியன்று. அயல்நாட்டில் பிறந்து, சில திங்களுக்குப் பின் பெற்றோர் மணந்துகொண்ட ஒரு சிறுவனின் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 2021 மே திங்களில், நால்வர்க்கு மூவர் என்னும் பெரும்பான்மையால், பிறந்தபோது இருந்த நிலையே குடியுரிமையை முடிவுசெய்யும் எனத் தீர்ப்பளித்தது. நீதியரசர் எழுவருள் மூவர் மாறுபட்டனர் என்பதே வினாவின் கடுமையைக் காட்டும்.

ஆயினும் வழி முற்றும் அடைபட்டதன்று. அதே ஆண்டு நவம்பரில் அதே நீதிமன்றம், பெற்றோர் இன்னாரென அறியப்படாது கைவிடப்பட்டு, மலேசியரால் மகவேற்கப்பட்ட ஒரு குழந்தை மலேசியக் குடியே எனத் தீர்ப்புரைத்தது. கண்டெடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தையை அவ்விடத்தில் நிரந்தரமாக வாழும் தாய்க்குப் பிறந்ததாகவே கருதவேண்டும் என்னும் அரசமைப்பு விதிக்கு உயிர் கொடுத்த தீர்ப்பு அது. மேலும், சிறப்பு நிலைகளில் இளையோரைக் குடிமக்களாகப் பதியும் அதிகாரத்தை அரசமைப்பின் 15ஏ பிரிவு அரசுக்கு வழங்குகின்றது. அதற்கு 21 வயது எல்லையாக இருந்து வந்தது. 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அவ்வெல்லையை 18 எனக் குறைக்கின்றது. அயல்நாட்டில் பிறக்கும் குழந்தைக்கு மலேசியத் தாயும் தந்தையைப் போலவே குடியுரிமை வழங்கலாம் என்பது அத்திருத்தத்தின் நற்கூறு. எனினும் முன்பே பிறந்தோரை அது தானாகத் தழுவுவதன்று. ஆதலின், 'பிள்ளை வளரட்டும், பின்னர்ப் பார்க்கலாம்' என்று காத்திருப்போர்க்குக் காலம் குறுகியுள்ளது.

பிறந்தவுடன் பதியப்படும் உரிமை, பெயர் பெறும் உரிமை, ஒரு நாட்டின் குடியாகும் உரிமை ஆகிய மூன்றையும், 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் ஏழாம் கூறு ஒருசேர வைத்துக் கூறுகின்றது. மலேசியா 1995இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தபோது அக்கூற்றைத் தனக்கு வரையறையுடன் ஏற்றது. கடப்பிதழின் மூன்று வினாக்களும் இம்மூன்று உரிமைகளும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்றல் கருதத்தக்கது.

இந்தியக் குடிமக்களின் குழந்தைகள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பணிபுரியும் தமிழகத்தார்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்களாயின், மலேசியாவில் பிறக்கும் அவர்தம் குழந்தை மலேசியக் குடியாவதில்லை. தந்தை இந்தியர் என்பதனால் தானாகவே இந்தியக் குடியாகிவிடுவதும் இல்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955இல் இயற்றப்பட்டது. 2004 டிசம்பர் 3ஆம் நாள் முதல் நடைமுறையிலுள்ள திருத்தப்படி, அயல்நாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டிற்குள் இந்தியத் தூதரகத்தில் பதிதல் வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுக் கடப்பிதழ் இல்லை எனப் பெற்றோர் உறுதிகூறவும் வேண்டும். ஓராண்டு கடந்தால் நடுவண் அரசின் இசைவு பெற்றே பதியலாகும். மலேசியப் பிறப்புப் பத்திரமின்றித் தூதரகப் பதிவு நடவாது. அப்பதிவின்றிக் கடப்பிதழ் கிடையாது. கடப்பிதழின்றி மலேசியாவில் தங்கும் இசைவும் குழந்தைக்கு இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இச்சங்கிலியின் முதற்கண்ணி, பிறந்த 60 நாளுக்குள் தேசியப் பதிவுத்துறையில் செய்யவேண்டிய பதிவே.

இந்திய அரசும் பிறப்புப் பதிவிற்கே முதன்மை தந்துள்ளது. 2023 அக்டோபர் முதல் நாளிலும் அதன் பின்னும் பிறந்தோர்க்குப் பிறந்த நாளைக் காட்டும் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றையே ஏற்பது என 2025இல் கடவுச்சீட்டு விதிகள் திருத்தப்பட்டன. பள்ளிச் சான்றும் பிறவும் துணைநின்ற காலம் அவர்களைப் பொறுத்தவரை முடிந்தது.

தமிழாசிரியர் செய்யத்தக்கது

குழந்தையின் பிறப்புப் பத்திரத்தைப் பெற்றோர்க்கும் பதிவுத்துறைக்கும் அடுத்தபடியாகக் கையில் எடுத்துப் படிப்பவர் பள்ளி ஆசிரியரே. பாயான் லெப்பாசை அடுத்த சுங்கை ஆராவில் தமிழ்ப்பள்ளி ஒன்று உண்டு. அதுபோன்ற பள்ளிகளில் முதலாண்டிற்குப் பெயர் பதியவரும் பெற்றோர் அப்பத்திரத்துடனேயே வருகின்றனர். பத்திரத்தில் மூன்று இடங்களை ஆசிரியர் உற்றுநோக்கினால் போதும். குழந்தையின் பெயரும் பெற்றோர் பெயரும் அவர்தம் அட்டைகளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளனவா? தந்தைக்குரிய இடம் வெறுமையாக உள்ளதா? குடியுரிமைத் தகுதி என்னும் வரியில் எழுதப்பட்டிருப்பது யாது?

குறை காணப்பட்டால் அதனை வகுப்பறையில் பேசுதல் தகாது. பெற்றோரைத் தனியே அழைத்துக் கூறுதலே முறை. ஏழு வயதில் கூறப்படும் அச்சொல் அவர்களுக்குப் பதினோராண்டு அவகாசம் தருகின்றது. கூறப்படாவிடின், 12 வயதில் உடன்பயிலும் பிள்ளைகள் அடையாள அட்டை பெறும்போதுதான் அக்குழந்தை தன் நிலையை அறியும். அல்லது பள்ளிக் குழு வெளிநாட்டுப் போட்டிக்குப் புறப்படும்போது, கடப்பிதழ் பெற இயலாமல் பின்தங்கி நிற்கும்போது அறியும். பாடத்தில் முந்திநிற்கும் மாணவனும் அங்கு நின்றுவிடுகின்றான்.

திருமணத்தைப் பதிதல், பிறப்பைப் பதிதல், பெயரைப் படித்துப் பார்த்தல் ஆகிய மூன்றும் செலவு மிகாத செயல்கள். ஒவ்வொன்றும் ஒரு நாளில் முடிபவை. அவற்றை உரிய நாளில் செய்த குடும்பத்திற்குக் கடப்பிதழ் ஒரு காலைப்பொழுதின் பணி. செய்யத் தவறிய குடும்பத்திற்கு அது பல்லாண்டு வழக்காகி, சிலர்க்கு வாழ்நாள் முழுதும் எட்டாததாகவும் ஆகின்றது. குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழாவை ஊரறிய எடுப்பது தமிழர் மரபு. அப்பெயரை அரசின் ஏடும் பிழையின்றி அறியும்படி செய்தலையும் அவ்விழாவின் ஒரு கூறாகக் கொள்ளுதல் இக்காலத்திற்கு ஏற்ற கடமையாகும்.